வலம் வந்த வாடிக்கையாளர்கள்

ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவரிடம் நீங்கள் கைமாற்றுக் கேட்கலாம், குடை இரவல் கேட்கலாம், சுகம் விசாரிக்கலாம். அபிப்பிராயம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் தருவார். தந்ததோடு நிற்காமல், அதை நடைமுறைப்படுத்த நேரிலும் வந்துவிடுவார்.

நான் வந்தேன்.

கண்டியில் ஒரு திணைக்களத்தின் நிர்வாகப் பக்கத்தில் என் உத்தியோக காலம் கழிந்தது. எந்தக் காரியத்துக்கும் ஒழுங்கான முறை ஒன்று உண்டு, அது எனக்குத் தெரியும் என்பது என் நம்பிக்கை. பென்சன் எடுத்த மறுநாள் அந்த முறைகள் எல்லாம் என்னோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. (அலுவலகம் நான் இல்லாமலும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) முதல் வேலையாகச் சமையலறை அலுமாரியில் இருந்த போத்தல்களை அகர வரிசைப்படி அடுக்கினேன். அன்று காலை என் மனைவி பத்மா கடுகைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டது. அணைத்த பிறகு அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிக்கொண்டு போனாள்.

"எங்கயாச்சும் போயிட்டு வாங்க."

"எங்க?"

"கடைக்கு. ஒரு நெருப்புப் பெட்டி வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க. அவசரமே இல்ல."

அப்போதுதான் எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு சுப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். உள்ளே போனேன். வெளியே வந்தபோது என் கையில் மூன்று வகை பிஸ்கட், முகத்துக்குப் பூசும் ஏதோ ஒரு களி, பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று, பூனைக்கான உணவுப் பொதி ஒன்று ஆகியவை இருந்தன. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. நெருப்புப் பெட்டியும் வாங்கவில்லை.

ஏமாந்த அரச உத்தியோகத்தன் முறைப்பாடு எழுதுவான், அல்லது தன்னை எப்படி ஏமாற்றினார்கள் என்று ஆராய்வான். நான் ஆராய்ந்தேன். நூலகத்தில் இருந்து கடை அமைப்பு பற்றித் தடித்த ஆங்கில நூல் ஒன்றை எடுத்து வந்து, அடிக்கோடு போடக் கூடாதென்ற விதியை மதித்து, தாளில் குறிப்பெடுத்துப் படித்தேன். படித்ததைச் சரிபார்க்கத் தினமும் அந்தச் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போய், எதையும் வாங்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கிருந்த பாதுகாவலரும் என் பின்னால் சுற்றிச் சுற்றி வந்தார்.

விஷயம் பிடிபட்டது. பருப்பும் பாணும் கடைக் கோடியில் இருக்கின்றன. அதை எடுக்கப் போகிறவன் வழியில் மற்றதையெல்லாம் பார்த்துத்தான் போயாக வேண்டும். உள்ளே மணிக்கூடு இல்லை, யன்னல் இல்லை. காதில் மெதுவான இசை விழும், கால்களும் மெதுவாகும். மூக்கில் பாண் வேகும் வாசனை ஏறும். நாக்குக்கு எதையாவது ருசி பார்க்கத் தருவார்கள். பூனை உணவு என் வீட்டுக்கு வந்ததில் என் புத்திக்கு எந்தப் பங்கும் இல்லை, முழுப் பொறுப்பும் அவர்கள் சாமான் அடுக்கியிருந்த ராக்கைகளுக்கே என்று தெரிந்ததும் மனம் ஆறியது. அதோடு விட்டிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சான் குமரேசன் வந்தான். பத்மாவின் தம்பி. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட அவனுக்கு ஒரு பலசரக்குக் கடை. குறுக்கே ஒரு நீளமான பலகை மேசை. அதற்கு அந்தப் பக்கம் குமரேசனும் மூட்டைகளும், இந்தப் பக்கம் சனம். கேட்டதை நிறுத்துக் கட்டித் தருவான். சுப்பர் மார்க்கெட் வந்த பிறகு, அங்கே வாங்க மறந்ததை வாங்குவதற்கு மட்டும் இவனிடம் வந்தார்கள்.

"மடவளை நவ்ஷாத் கடையக் கேக்குறாரு அத்தான். போன் கடை போடப் போறாராம். தீபாவளி வரைக்கும் பாப்பேன். தீபாவளி யாவாரமும் படுத்துட்டா சாவியக் குடுத்துருவேன்." தேநீரைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது தாண்டியவன். மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். வேறு தொழில் தெரியாது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டான். "நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

பத்மா சமையலறையில் இருந்து ஓடி வந்தாள். தாமதமாகிவிட்டது. நான் ஏற்கெனவே தாளும் அடிமட்டமும் எடுத்திருந்தேன்.

அளவு பிடித்து நான் வரைந்த படத்தைக் குமரேசன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதென்னா அத்தான், கடையா கவர்மென்ட் கச்சேரியா?"

"கடைதான். ஆனா சனம் கேட்டு வாங்காது, தானே எடுக்கும். நடுவுல ஒரு பெரிய ராக்கை. அதைச் சுத்தி ஒரே திசையில பாதை. ரெண்டு பக்கமும் கயிறு. உள்ள வந்தவன் முழுக் கடையையும் சுத்தாம வெளிய போக முடியாது."

"வந்தவனுக்கு அவசரம்னா?"

"அவசரத்தைக் குறைக்கிறதுதான் விஞ்ஞானம்."

விஞ்ஞானம் என்ற சொல்லுக்குக் குமரேசன் பயந்தவன். சம்மதித்தான். பலகை மேசை பின்கட்டுக்குப் போனது. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தான். மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய பிள்ளையார் படம் கிழக்குப் பார்த்தே இருக்க வேண்டும், வேறு எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது. என் வரைபடத்தின்படி கிழக்குப் பார்த்த இடம் ஒன்றுதான் மிஞ்சியது. நடு ராக்கையின் உச்சி. வாசலை நேரே பார்க்கும். தடையேதும் சொல்ல நூலில் ஒன்றுமில்லை. ஏற்றி வைத்தோம்.

மற்றவை எல்லாம் நூலின்படி. பருப்பு, சீனி, மா, கருவாடு எல்லாம் கடைக் கோடிக்குப் போயின. பாண் வாசனைக்கு வழியில்லை. எங்களிடம் பாண் சுடும் போறணை இல்லை. அதற்குப் பதிலாக ஊதுபத்தி. (கருவாட்டை வெல்ல ஒன்று இரண்டு போதவில்லை, கட்டுக் கட்டாக ஏற்ற வேண்டியிருந்தது.) கண்ணுக்குப் படும் உயரத்தில் இருந்த பால்மா டின்களில் விழும்படி ஒரு பிரகாசமான விளக்கைப் பூட்டினேன். அது கொஞ்சம் அண்ணாந்துவிட்டது. மெதுவான இசைக்குக் குமரேசனின் போனுக்குள் தேடினோம். அதில் இரண்டே வகை இருந்தன. ஒன்று, கேட்டவுடன் ஆட வைக்கும் பாட்டுகள். மற்றது மங்கள நாதஸ்வரம். எது மெதுவானது என்பதில் சந்தேகமே இல்லை. ருசி பார்க்கக் கொடுப்பதற்கு, கொண்டைக்கடலை நிறைய இருந்ததால், ஒரு அண்டா சுண்டல் அவிக்கச் சொன்னேன். கடதாசிக் கிண்ணத்தில் கொடுக்கலாம் என்றேன். பத்மா, "சுண்டல போய் அதுல குடுப்பாங்களா?" என்று வாழையிலையைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டாள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்து முடிந்திருந்தது. மடுல்கெல்லயில் இருந்து வந்த முதல் பஸ்ஸே நிறைந்து வழிந்தது. புது அமைப்பைத் தொடக்கி வைக்க நான் வேட்டி கட்டி, சால்வை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, காசு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். பத்மா வாசலில் பெரிய கோலம் போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினாள். எல்லாம் சேர்ந்து எப்படி இருக்கிறது என்று நாங்கள் யாரும் தெருவில் இறங்கி நின்று பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தை நூல் சொல்லவில்லை.

முதலில் வந்தது நடுத்தர வயதுப் பெண் ஒருவர். கையில் வெறும் பை. வாசலில் நின்றார். கோலத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். உள்ளே புகைக்கு நடுவில், வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்த பிள்ளையாரைப் பார்த்தார். நாதஸ்வரம் ஏறி இறங்கியது. அவர் செருப்பைக் கழற்றினார்.

"நல்ல சனம். கோலத்த மிதிக்கக் கூடாதுன்னு கழட்டுறாங்க," என்று குமரேசன் மகிழ்ந்தான்.

அடுத்து வந்த குடும்பம் அங்கே கிடந்த செருப்பைப் பார்த்துத் தங்கள் செருப்புகளைக் கழற்றியது. அவற்றைப் பார்த்து அதற்கடுத்தவர்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன சனம் நடைபாதையில் குவிந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, இங்கே ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று திரும்பி வர ஆரம்பித்தது.

உள்ளே கயிறு. கயிற்றுக்குள் பாதை. பாதை வலமாகப் போகிறது. நடுவில் பிள்ளையார். சனம் நடந்தது.

அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு குலுங்கும். அன்றைக்குக் குலுங்கவில்லை. நூல் என்னென்ன நடக்கும் என்று சொன்னதோ, அத்தனையும் நடந்தன. மெதுவாக நடந்தார்கள். நின்று நின்று பார்த்தார்கள். மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார்கள். நேரத்தை மறந்தார்கள். வெளியே போகவே மனமில்லாமல் மறுபடி முதலில் இருந்து வந்தார்கள். வாங்குவதைத் தவிர எல்லாம் செய்தார்கள். யாரும் ஒரு சவுக்காரக் கட்டியைக் கூடக் கையால் தொடவில்லை. கைகள் கூப்பியிருந்தன.

"அத்தான், சுத்துறாங்க. ஆனா ஒண்ணும் எடுக்கல்லியே."

"பொறு. முதல் சுற்றுல பழகுவாங்க. ரெண்டாவது சுற்றுலதான் வாங்குவாங்க. அப்படித்தான் எழுதியிருக்கு."

"இது மூணாவது சுத்து அத்தான். முடிச்சிட்டாங்க. விழுந்து கும்பிடுறாங்க, பாருங்க!"

பார்த்தேன். மா மூட்டைக்கு முன்னால் ஒருவர் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். சிங்களப் பெண்மணி ஒருவர் கைநிறைய மல்லிகைப் பூக்களைக் கொண்டுவந்து, பால்மா டின்களின் மேல் ஒவ்வொன்றாக, வெகு பக்தியோடு வைத்துவிட்டுப் போனார். நெத்தலிக் கருவாட்டைக் கடக்கும்போது எல்லோரும் சற்று முகம் சுளித்து, ஆனாலும் மரியாதையோடு கடந்தார்கள். கடைசியில் பத்மா சுண்டல் கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் என் காதருகே குனிந்து, "ஐயா, உள்ளுக்குப் பருப்பு வெச்சிருக்கீங்களே, அன்னதானத்துக்கா? நானும் ஒரு மூட்டை குடுக்கலாமா?" என்று கேட்டார்.

பருப்பு விற்க வைத்த கடைக்கே வாடிக்கையாளர் பருப்புத் தருவதாகச் சொன்ன சம்பவம் அந்த நூலில் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

அப்போதுதான் முதலில் வந்த அந்தப் பெண் திரும்ப வந்தார். அவர் மட்டும் ராக்கைகளைத் தொட்டிருந்தார். பாத்திரப் பகுதியில் இருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து (விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது), அதில் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் அழகாக அடுக்கி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"சாமி, மகனுக்கு. பேரு தினேசு. ரேவதி நட்சத்திரம். சோதனை எழுதப் போறான்."

எனக்குப் பின்னால் யாராவது ஐயர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். சுவரில் கடை கூட்டும் தும்புத்தடி மட்டும் சாய்ந்திருந்தது.

"நான் ஐயர் இல்லம்மா. பென்சன்காரன்."

"தெரியுஞ் சாமி," என்றார் கண்கலங்க. "பெரியவங்க எல்லாம் அப்புடித்தான் சொல்லுவாங்க."

அவருக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் ஆமோதித்துத் தலையசைத்தது. குமரேசன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். பத்மா சுண்டல் கரண்டியோடு ராக்கைக்குப் பின்னால் மறைந்தாள். ராக்கை மெல்ல ஆடியது. பூகம்பம் இல்லை, அவள் சிரிப்பு.

எல்லாக் காரியத்துக்கும் முறை தெரிந்த எனக்கு இதற்கு மட்டும் தெரியாது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. தட்டை வாங்கினேன். உடைக்கக் கல் இல்லாததால் தராசின் ஒரு கிலோப் படிக்கல்லால் தேங்காயை உடைத்தேன். கற்பூரத்தைக் கொளுத்தினேன். கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். எதையாவது சொல்ல வேண்டும். தேவாரம் தொண்டை வரை வந்து, பயத்தில் திரும்பிப் போய்விட்டது. அதன் இடத்தில், காலமெல்லாம் என் நாக்கில் ஊறிக் கிடந்த திணைக்களச் சுற்றுநிருபம் ஒன்று தானாகவே புறப்பட்டது. கணீரென்ற குரலில், நாதஸ்வரத்தின் சுருதியில்:

"பாவனைக்கு உதவாத தளபாடங்களை அகற்றும் நடைமுறை. சேதமடைந்த கதிரைகள், மேசைகள், அலுமாரிகள் என்பவை வேறாக்கப்படல் வேண்டும். திருத்தக்கூடியவை திருத்தப்படல் வேண்டும். திருத்த முடியாதவை சபையின் விதப்புரையின் பேரில் அகற்றப்படல் வேண்டும். அகற்றப்பட்டமை உறுதிப்படுத்தப்படல் வேண்டும்…"

அரச தமிழ் அவ்வளவு கம்பீரமானது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. சனம் உருகியது. ஒவ்வொரு "வேண்டும்" வரும்போதும் அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தினேசுக்காகத் திணைக்களத்தின் உடைந்த கதிரைகள் அத்தனையையும் அகற்றி முடித்து, தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் காலைத் தொட்டுவிட்டு, தட்டோடு போய்விட்டார். தட்டின் விலையைக் கேட்கக் குமரேசனுக்கு நா எழவில்லை.

அடுத்தவர் இரட்டைப் பிள்ளைகளின் நட்சத்திரத்தைச் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஒரு குரல்.

"என்ன சேர் இது? கடையத் தேடி வந்தா கோயிலுக்கு வந்தீக்கிறேன்?"

மடவளை நவ்ஷாத். கடையை அளந்து பார்க்க அளவு நாடாவோடு வந்தவர், செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம், ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குமரேசன் பாய்ந்து போனான். "நானா, இது கோயில் இல்ல. கடைதான். அத்தானோட விஞ்ஞானம்."

நவ்ஷாத் உள்ளே எட்டிப் பார்த்தார். புகை, விளக்கு, பூ, கும்பிடும் சனம், படிக்கல்லோடு நான்.

"விஞ்ஞானமோ என்னமோ, எனக்கு வேணாம் குமரேசன்."

"என்னா வேணாம்?"

"கடை. நான் இதுல போன் கடை போட்டா, நாளைக்கி ஊர் என்ன பேசும்? புள்ளையார எழுப்பிப்போட்டு சிம் கார்ட் விக்கிறான்னு பேசும். ஒங்கட சனம் ஏசும். அதுக்கு முந்தி எங்கட உம்மா என்னய ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா." அவர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். போகும்போது, "சுண்டல் வாசம் மட்டும் நல்லா ஈக்கிது," என்றார். பத்மா ஓடிப்போய் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே போனார்.

குமரேசன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். அவன் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"யாவாரமும் போச்சு. கடைய எடுக்க வந்த ஆளும் போயிட்டாரு," என்றான் மெதுவாக. "அத்தான், இனி நான் பூசாரி வேலைதான் பாக்கணும். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

முதல் தடவையாக, கேட்காமலே சொல்ல என்னிடம் ஒரு அபிப்பிராயமும் இல்லை.

பத்மா இடுப்பில் சேலையைச் செருகினாள். "ரெண்டு பேரும் எந்திரிங்க. பின்கட்டுல கெடக்குற பலகை மேசையத் தூக்கிட்டு வாங்க."

"எங்க வைக்கிறது?"

"வெளிய போற வழியில. சுண்டலுக்குப் பக்கத்துல."

தூக்கி வந்து போட்டோம். குமரேசன் பழக்கத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். பிரதட்சணம் முடித்து, சுண்டல் கையோடு வந்த அந்தப் பருப்புப் பெரியவர் அவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இங்க சாமானும் விக்கிறீங்களா தம்பி? நல்லதாப் போச்சு. மா ரெண்டு கிலோ குடுங்க. சீனியும்."

குமரேசன் உள்ளே திரும்பி, மா எடுத்து, நிறுத்து, இரண்டு கையாலும் நீட்டினான். பெரியவர் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்றவருக்கும் அதுவே வேண்டுமாம். அவருக்குப் பின்னால் நின்றவருக்கு எண்ணெயும். பிள்ளையார் முன்னால் இருந்து தானாக எடுக்கக் கூசிய கைகள், குமரேசன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருந்தன. எங்கள் ஊரில் கோயிலுக்குள் யாரும் எதையும் வாங்குவதில்லை. கோயில் வாசலில் எதையாவது வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போவதுமில்லை. இந்த ஒரு விஷயம் அந்த நூலை எழுதியவருக்குத் தெரிந்திருந்தால், இன்னும் ஒரு அத்தியாயம் கூட்டியிருப்பார்.

பொழுது சாய்வதற்குள் கடைக் கோடி காலியாகியது. கருவாடு உட்பட. நான் மூட்டை சுமந்தேன். (நிர்வாகப் பதவி எதுவும் மிச்சமில்லை என்றார்கள்.)

கடை இன்றைக்கும் இருக்கிறது. கயிறு இருக்கிறது, பிள்ளையார் உச்சியில் இருக்கிறார், மேசை வெளியே போகும் வழியில் இருக்கிறது. ஒன்றையும் மாற்றக் குமரேசன் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுண்டல் உண்டு. அந்த வெற்றி முழுவதும் என் அமைப்பினால்தான் என்று நான் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் என் குடும்பத்தார் மிக மரியாதையாகக் கைகூப்பி என்னை ஒரு முறை வலம் வந்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் தப்ப முடியாத விளைவு வேறு. தினேசு சோதனையில் பாஸாகிவிட்டான். அந்தத் தாய் பழத்தட்டோடு கடைக்கு வந்து, சாமி எங்கே என்று கேட்டார். குமரேசன் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டான். அன்றோடு எங்கள் சொந்தத்தில் யாருக்கு விசாவா, நேர்முகப் பரீட்சையா, பிரசவமா, எனக்குத்தான் போன் வரும். "கொஞ்சம் கதிரையைச் சொல்லுங்க."

முதலில் சிரிப்பதற்காகக் கேட்டார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. போன மாதம் குமரேசனின் மகள், இப்போது கனடாவில் இருப்பவள், கார் ஓட்டும் பரீட்சைக்குப் போகிற வழியில் அழைத்தாள். "மாமா, கதிரை." நான் அப்போது முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரை. வேறாக்கல், திருத்தல், விதப்புரை என்று வேகமாகச் சொல்லி முடித்து, போனை வைத்துவிட்டேன்.

அவள் தோற்றுவிட்டாள். வண்டியை நிறுத்தும்போது பின்னால் இருந்த கம்பத்தில் இடித்துவிட்டாளாம். குடும்பம் முழுவதும் அன்று இரவே விசாரணை நடத்தி முடிவுக்கு வந்தது. பிழை அவளுடையதும் அல்ல, கம்பத்துடையதும் அல்ல. "அகற்றப்பட்டமை உறுதிப்படுத்தப்படல் வேண்டும்" என்ற பந்தியை மாமா சொல்லாமல் விட்டுவிட்டார்.

என் உத்தியோக காலம் முழுவதிலும், பந்தி விட்டதாக எனக்கு எதிராக ஒரு முறைப்பாடு கூட வந்ததில்லை. இதுதான் முதலாவது. அதற்கு நான் இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.